ரிவர்ஸ் கியர் தம்பி

அம்மா பேருந்து ஓட்டுபவள். விடியற்காலையில் போனவள் பகல் இரண்டு மணிக்குத்தான் வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் விரிப்பிலேயே சாய்ந்துவிட்டாள்.

"நாலு மணிக்கு மறுபடி வண்டி எடுக்கணும்டி. கொஞ்சம் தூங்கலேன்னா ஓட்டும்போதே கண் சொக்கிடும். தம்பி அழாம பாத்துக்கோ. வெளிய போன அப்பா நாலு மணிக்குள்ள வந்துடுவாரு."

"சரிம்மா" என்றாள் வாலு. விடுமுறை நாளிலும் பள்ளியில் காலையெல்லாம் ஓட்டப்பந்தயப் பயிற்சி. அவள் கால்களும்தான் கெஞ்சின. அதை யார் கேட்டார்கள்?

தம்பிக்கு எட்டு மாதம். குப்புறக் கிடந்தான். முன்னால் கிடந்த கரண்டி அவனுக்கு வேண்டும். கையை ஊன்றி உந்தினான். உடம்பு சர்ரென்று பின்னால் போனது. இன்னொரு உந்து, இன்னும் பின்னால். உதட்டைப் பிதுக்கினான்.

போச்சு, அழப்போகிறான். வாலு கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். குட்டித் துரை அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி உந்தினார். நேரே கட்டிலுக்கு அடியில் போய் நின்றார்.

"டேய், உனக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் இருக்கா?" என்று கிசுகிசுத்தபடி வெளியே இழுத்தாள். இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை அலுத்துப்போய் அவளும் பக்கத்தில் குப்புறப் படுத்துவிட்டாள்.

படுத்தவள் அவனைப் போலவே கையை ஊன்றித் தள்ளிப் பார்த்தாள். அட, அவளும் பின்னால்தான் வழுக்கினாள். காலை ஊன்றித் தள்ளினாள். முன்னால் போனாள்.

தம்பியின் கால்களைப் பார்த்தாள். அவை சும்மா காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. கை வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. காலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அவன் உள்ளங்கால்களுக்குப் பின்னால் தன் கைகளைச் சுவர்போல வைத்தாள். கால் பட்டது. உந்தினான். ஒரு சாண் முன்னால் போனான். அவனுக்கே நம்ப முடியவில்லை, திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"ம், போடா."

இன்னொரு சாண். இன்னொன்று. பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் கால்விரல்கள் விரிப்பைப் பற்றிக்கொண்டு தாமாகவே தள்ளின.

கரண்டியையும் தாண்டிப் போனான். நேராக அம்மாவிடம். வாலு பாய்ந்து எழுந்தாள். எழுப்பிவிடுவானோ? பிடிப்பதற்குள் அவன் அம்மாவின் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டான். ஓய்ந்துபோன வாலுவும் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு அம்மா விழித்தாள். வயிற்றின்மேல் தம்பி.

"யாருடி இவனை இங்க கொண்டுவந்து போட்டது?"

வாலு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"யாரும் போடலம்மா. அவனே வந்தான்."