கடைசி விடை பூஜ்யம்

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள்... கண்களில் மட்டும் நெருப்பு.

"என் கணக்கை யார் நிறுத்தினது?"

கணினி அறையின் பொறுப்பாளன் நிமிர்ந்தான். கூரை ஒழுகியதால் ஒரு வரிசைக் கணினிகளை அணைத்தவன் அவன்தான். சொல்லிப் பார்த்தான். கணித ஆராய்ச்சி மாணவி காதில் வாங்கவில்லை, பொரிந்து தள்ளினாள். விட்ட இடத்திலிருந்து கணக்கு தானாகத் தொடரும் என்று அவன் காட்டிய பிறகும், விறைப்பாகவே வெளியேறினாள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை... அந்தப் பெரிய கண்கள்தான் மனதில் நின்றன.

அவள் தேடியது ஒரு ராட்சதப் பகா எண். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. அச்சிட்டால் ஓர் அலமாரி நிறையப் புத்தகமாகும். ஒன்றையும் அதையும் தவிர வேறெந்த எண்ணாலும் அதை மீதியின்றி வகுக்க முடியாது என்று காட்ட நீண்ட சோதனை ஒன்று உண்டு. கடைசி விடை பூஜ்யம் என்றால் அது பகா எண்.

பூஜ்யமே வந்தது! தலைகால் புரியாமல் அண்ணிக்குச் சொன்னாள். அண்ணிக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஆனால் வேறொருவர், வேறு கணினியில் செய்தும் பூஜ்யம் வந்தால்தான் அது கண்டுபிடிப்பு. சும்மா இருந்த கணினிகளோ அவனிடம்தான். எந்த முகத்தோடு போவது? அவளுடைய பேராசிரியர் போகச் சொல்லி விரட்டியதால் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

முடிந்ததும் சொல்வதாகச் சொன்னவன், அப்புறம் அவளைக் கண்டாலே வேறு பக்கம் நழுவினான். திட்டியதற்குப் பழிவாங்குகிறான் என்றே அவள் நினைத்தாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"பூஜ்யம் வரலைங்க..." அவன் தரையைப் பார்த்தான். "மூணு தடவை போட்டுப் பார்த்தேன். மூணும் ஒரே விடை. உங்க கணக்கு முதல்ல ஓடின கணினியிலதான் ஏதோ பழுது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் என்ன சொல்வது... கண்கள் நிறைந்தன. பிறகுதான் ஒன்று உறைத்தது.

"ரெண்டு தடவை ஒரே விடை வந்தாலே போதுமே. மூணாவது எதுக்கு?"

"போதும்னு தெரியும். ஒரு தடவையாவது பூஜ்யம் வராதான்னு ஒரு நப்பாசை. நீங்க அழுறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல..." சற்றுத் தயங்கினான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அன்று அப்படித் திட்டியது தப்புதான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அடுத்த எண்ணை எப்போது கொண்டு வருவீர்கள் என்று அவன் மெல்லக் கேட்டான்.

"நாளைக்கே வரேன்," என்றாள். "எண் இல்லைன்னாலும் வருவேன்... உங்களைப் பார்க்க."