வள்ளியாத்தாள் ஆலையின் கேடயம்

சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் வரிசையில் நின்று நகம் வெட்டிக்கொண்டார்கள். வெட்டிய நகம் பாசித்தொட்டிக்கு உரம். அடுத்த அறையில் காற்று வீசி, அவர்கள் உடுப்பில் ஒட்டியிருந்த இரும்புத் துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்று விட்ட மூச்சின் ஈரம் மறுநாள் தேநீராகும். செவ்வாய்க் கோளில் இருந்த அந்தப் பம்பு ஆலையில் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை.

அங்கே குப்பைத்தொட்டி கிடையாது. மூன்று தலைமுறையாகக் கிடையாது. கடைசல் இயந்திரம் சீவித் தள்ளிய இரும்புச் சுருள் உலைக்குத் திரும்பியது. கிழிந்த கையுறை வாஷரானது. அழுக்கு எண்ணெயை ‘மீட்பான்’ என்ற இயந்திரம் தெளியவைத்தது. மீட்பான் பழுதானால் அதன் பாகங்களிலிருந்தே அடுத்த மீட்பான் பிறந்தது. எழுபது வயது முதலாளி வள்ளியாத்தாள் உடுத்தியிருந்த சேலையின் நூல், ஏழாவது முறையாக நெய்யப்பட்டது.

ஆலை நின்ற குவிமாடத்தின் குத்தகை அந்த ஆண்டோடு முடிந்தது. ‘மாசிலா ஆலை’ விருது பெறுபவருக்கே இனி இடம் என்றது தொழில் மன்றம். இருநூறு குடும்பங்கள் காத்திருந்தன. சோதித்தவர்களால் வீணான ஒரு துரும்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. விருது அறிவிக்கப்பட்டது.

மன்றத் தலைவர் பரிதிவாணன் வந்தார். பொன்னாடை, ஆளுயர மாலை, வெண்கலக் கேடயம், அதற்கொரு வெல்வெட் பெட்டி, பெட்டிக்கு மினுமினுப்புத் தாள். கைதட்டல் ஓய்ந்து அவர் கிளம்பியதும் வள்ளியாத்தாள் மேற்பார்வையாளரை அழைத்தார்.

“நஞ்சப்பா, எல்லாத்தையும் பிரிச்சு அததுக்குச் சேத்து.”

“அம்மா, இது மரியாதைங்க. நாலு நாளைக்கு மாட்டி வெச்சுப் பாக்கலாமுங்க.”

“மாட்டி வெச்சா என்ன வேல செய்யும்? நம்ம வூட்டுக்கு வந்த எதுவும் சும்மா உக்காந்திருந்ததில்ல.”

மறுநாள் பரிதிவாணன் குத்தகைப் பத்திரத்தோடு வந்தார். கேடயத்தின் அருகே முதலாளியை நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் கையெழுத்து. அது மன்றத்தின் விதி.

“கேடயம் எங்கேங்கம்மா?”

“அதா, ஓடுதுங்களே!”

மூன்றாம் எண் பம்பின் சக்கரமாகக் கேடயம் சுழன்றுகொண்டிருந்தது. பொன்னாடை எண்ணெய் வடிகட்டியது. மாலை பாசித்தொட்டியில் பாதி கரைந்திருந்தது.

பரிதிவாணனின் முகம் கறுத்தது. “மன்றத்தையே அவமானப்படுத்திட்டீங்க.”

“ஏனுங்க, நீங்க எதுக்கு விருது குடுத்தீங்களோ அதையத்தானுங்க செஞ்சோம்.”

“அம்மா, ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க,” என்று நஞ்சப்பன் கெஞ்சினார். “அவரே வேற கேடயம் குடுப்பாருங்க.”

வள்ளியாத்தாள் தொழிலாளர்களை ஒருமுறை பார்த்தார். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் கடைசல்காரர் ஒருவர் முன்னால் வந்தார். “வேண்டாமுங்கம்மா. நாங்க வேற குவிமாடம் தேடிக்கறோம். தப்பே பண்ணாம தலை குனியாதீங்க.”

குவிமாடம் இரண்டாம் இடம் பெற்ற ஆலைக்குப் போயிற்று. அங்கே கேடயங்களுக்கென்றே மூன்று அறைகள் இருந்தன. படம் எடுத்த பிறகு ஒரு பெட்டியைக்கூட யாரும் திறந்ததில்லை.