மஞ்சளடிக்கும் வாசல் கேமரா

மின்னரசி வீட்டு வாசல் கேமரா காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டது. டிபன் பாக்ஸைச் சுவரோரம் வைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தது. அதன் பெயர் அர்த்தநாரி. ஊர் கோவைக்குப் பக்கத்தில் சூலூர்.

நல்ல வீடுகளெல்லாம் மின்னரசி போன்ற இயந்திரர்கள் கைக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே பயம் திருட்டு. இயந்திரக் கண்ணை எந்தப் போக்கிரியும் நாலு வரி நிரல் எழுதி ஏமாற்றிவிடலாம். மனிதக் கண்ணிடம் அந்த ஜம்பம் பலிக்காது. அதனால் வீட்டுக்கு ஒரு மனிதரை வாசலில் உட்கார்த்தி, அவர் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு பார்வைக்கடத்தியைப் பொருத்திவிட்டார்கள். கண்ணில் விழுவதெல்லாம், பக்கத்துப் பேச்சோடு சேர்த்து, கூடத்துத் திரையில் ஓடும். வாசலில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் மட்டும் அவர்களுக்கு இல்லை. அதுவும் நம்மிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதுதான்.

கொஞ்ச நாளாகவே படம் மஞ்சளடித்தது. மல்லிகைப் பூ டீத்தண்ணீர் நிறத்தில் தெரிந்தது. விருந்துக்கு வந்த ஒரு கருநீல உடம்புக்காரர் திரையில் கன்னங்கரேலென்று வந்துவிட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமலே, அதாவது சார்ஜ் ஏற்றிக்கொள்ளாமலே, போய்விட்டார். மின்னரசிக்கு மானம் போய்விட்டது.

கையேட்டில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். லென்ஸைப் பன்னீர் விட்டுக் கழுவினாள். வாசல் விளக்கை மாற்றினாள். அணைத்து மறுபடி போடுவதற்காக அர்த்தநாரியைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொன்னாள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன நிறம்?"

"வெள்ளைங்க மேடம்."

"திரையில் பழைய செய்தித்தாள் போல இருக்கிறதே!"

அர்த்தநாரி பொய் சொல்லவில்லை. கண் மெல்ல மெல்ல மஞ்சளாகும்போது மூளையும் கூடவே பழகிக்கொள்ளும். கடத்திக்கு அப்படிப் பழகிக்கொள்ளத் தெரியாது. ஆனாலும் பார்வை மங்குவது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. முன்பு, மிஞ்சியிருந்த ஒரு பணக்கார மனிதர் வீட்டில் வேலை பார்த்தபோது, கண் மங்கிய காவலாளியை ஒரே பகலில் கணக்குத் தீர்த்து அனுப்பியதைப் பார்த்தவர். இந்த வயதில் இன்னொரு வாசல் யார் கொடுப்பார்கள்?

பழுதுபார்க்கும் இயந்திரர் வந்து, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "லென்ஸ் பழுத்துவிட்டது. கண்புரை."

"என்னைய நிறுத்திப்போட்டு வேற ஆளப் போட்டுருவீங்களா மேடம்?"

மின்னரசிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "லென்ஸ் கெட்டால் லென்ஸைத்தானே மாற்றுவார்கள்? கேமராவை எதற்குத் தூக்கிப் போடுவது?"

அர்த்தநாரி அழுதுவிட்டார்.

"படத்தில் ஈரம் தெரிகிறது, அதையும் கவனியுங்கள்," என்று மின்னரசி பழுதுபார்ப்பவரிடம் சொன்னாள்.

கட்டுப் பிரித்ததும் உலகம் பளிச்சென்று, கொஞ்சம் நீலம் பாய்ந்து தெரிந்தது. புது லென்ஸுக்கு அது சகஜம், போகப்போகச் சரியாகும் என்றார்கள். நிறம் சரியாகிறதா என்று பார்க்க, வீட்டுக்குப் போன பிறகும் கடத்தி ஓடட்டுமா என்று மின்னரசி கேட்டாள். அர்த்தநாரி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மனைவி பூவாத்தாளின் சேலை ஊதா என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இத்தன நாளா காப்பிக்கொட்டைக் கலருன்னு நெனச்சுட்டிருந்தேன் புள்ள."

பூவாத்தாள் சிரித்தாள். பிறகு, நிலைப்படிக்கு மேலே இருந்த தங்கள் வீட்டுக் கேமராவைக் காட்டினாள். அது பழைய காலத்து இயந்திரக் கேமரா. ஏழை வீட்டுக் கேமராவை ஏமாற்ற எந்தத் திருடனும் மெனக்கெடுவதில்லை.

"அது எல்லாத்தையும் ரோஸ் கலராக் காட்டுதுங்க. உள்ளார ஒரு கண்ணாடித் தகடு சிக்கீருக்குதாம். அத மட்டும் மாத்துனாப் போதும்னு கடைக்காரர் சொன்னாருங்க."

"அதைய எவன் தூக்கிட்டு அலையறது? பழசாயிப்போச்சு. வீசிப்போட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்."

"எட்டு வருசமா வாசலப் பாத்துட்டு இருந்துதுங்க, பாவம்."

"பாக்கறதுக்குத்தான வாங்குனோம்?"

ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவைப் பிடுங்கினார். தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவருடைய நாற்காலியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மின்னரசி வாசலுக்கே வந்து அர்த்தநாரியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் இனத்தின் முறை தெரியாமல் உங்களைப் பழுதுபார்த்துவிட்டேன். நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வாசலில் இருந்ததற்கு எட்டு வருடம்தான். நீங்கள் இங்கே வந்து பதினொன்று ஆகிறது."

அர்த்தநாரி கண்ணை அகல விரித்துக் காட்டினார். "மேடம், இப்பக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே! கலரெல்லாம் சரியா வருதுங்களே!"

"வந்தது. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே," என்றாள் மின்னரசி. "குப்பைத் தொட்டியின் பச்சைகூட அப்படியே வந்தது."