லோனாவ்லாவில் கடல் இல்லை

வடா பாவ் ரொட்டியை வாயருகே கொண்டுபோன தமிழரசிக்குத் தாடை திறக்கவில்லை. புனே கோர்படி ரயில்வே காலனி வீட்டுக்குள் தாளிப்பு வாசனை நிறைந்திருக்க, அவள் தலைமுடியிலிருந்து மட்டும் உப்பும் பாசியும் கலந்த வாடை விடாமல் கசிந்துகொண்டிருந்தது. மலையூரான லோனாவ்லாவில் ஆபீஸ் ட்ரெய்னிங் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, கூட வேலை பார்க்கும் ஹரீஷோடு மால்வண் கடற்கரைக்குப் போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு இறங்கிவிட்டு வந்திருந்தாள்.

காலையில் பாறை இடுக்கிலிருந்து பட்டை பட்டையாக ஒரு பாம்பு நெளிந்து வந்து அவள் கணுக்காலை உரசிப் போனது.

"அதுக்கு வாயே சின்னது. கடிக்காது, பயந்தாங்கொள்ளி!" படகில் ஏறியதும் ஹரீஷ் சிரித்தான். வலி எதுவும் இல்லைதான். ஆனால் புனே வரும்வரை காரில் நாலு தடவை கேட்டான்: "கால் ஓகேதானே?"

ஒன்றுமில்லாத காலை ஒருத்தன் எதற்கு நாலு தடவை விசாரிக்க வேண்டும்?

செல்போன் சிணுங்கியது. ஹரீஷின் எஸ்எம்எஸ். 'பாம்பு மேட்டர் ஆபீஸ்ல மூச்சு விடாதே.'

சல்வாரைத் தூக்கிப் பார்த்தாள். குண்டூசி குத்தியதுபோல இரண்டு புள்ளி. வீக்கமில்லை. பாவி, இதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் சிரித்திருக்கிறான்.

எழுந்தாள். தொடை மரக்கட்டையாக இருந்தது. இமை தானாக இறங்கியது.

"என்னடி கண்ணு சொக்குது?" அம்மா கரண்டியோடு வந்தாள். "குடிச்சியா?"

"ம்மா... பாம்பு... கடல்ல..." நாக்கு குழறியது.

"லோனாவ்லாவுல ஏதுடி கடல்? நம்ம குடும்பத்துல மொத டிகிரின்னு உங்கப்பன் காலனி பூரா பேடா குடுத்தானேடி! டூட்டி முடிஞ்சு வர்ற நேரம். இந்தக் கோலத்துல பாத்தா வெட்டிப் போட்டுடுவான். படுத்துத் தொலை!"

தரதரவென்று இழுத்துப்போய்க் கட்டிலில் தள்ளினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்பாவின் செருப்புச் சத்தம்.

"பாப்பா வந்துடுச்சா?"

"அலுப்புல தூங்குறா. எழுப்பாதீங்க."

அவள் தூங்கவில்லை. எல்லாம் கேட்டது. இமை திறக்கவில்லை. விரல் அசையவில்லை. குரல் இல்லை.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. அம்மாவின் வளையல் சத்தம்.

"கொசு பிடுங்குது பாரு," என்று முணுமுணுத்து, கோபம் தணிந்த கையால் போர்வையை முகம் மூட இழுத்துவிட்டுப் போனாள்.

உள்ளே உப்பு வாடை. மூச்சுக்குப் போர்வை ஏறியது. இறங்கியது.

ஏறியது.

இறங்கியது.