தேசப்பன் பேர் வைத்த மீன்

மீனின் வயிறு சூடாக இருந்தது.

தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறிய மீன் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். இதுவோ காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலக் கொதித்தது. செதில் இல்லை, முதுகில் முள் இல்லை, தூண்டில் குத்திய உதட்டில் ரத்தமும் இல்லை. தேசப்பன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஏரியில் அவருக்குத் தெரியாத மீனே கிடையாது என்று பேர். விரால், குறவை, ஆரால், எவனோ கண்ணாடித் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்ட டேங்க் கிளீனர் வரை சொல்லிவிடுவார்.

"இன்னா மீனுண்ணா இது?" என்றான் ஜெரால்ட். பிடித்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுக்காரன், தேசப்பன் வேலை செய்யும் கம்பி ஆலையிலேயே வேலை.

தூண்டில்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேர் தெரியாத மீனைச் சட்டியில் ஏற்றக் கூடாது, தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். 'தெரியலப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சுற்றிலும் ஆலைப் பையன்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கல்லுக்கெளுத்திடா. எப்பனா ஒருதபாதான் ஆப்டும். கொழம்பு வெச்சா தெருவே மணக்கும்."

அப்படி ஒரு மீன் உலகத்திலேயே இல்லை. ஜெரால்ட் சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் தேசப்பனின் உள்ளங்கையில் அந்தச் சூடு இறங்கவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஜெரால்டின் மனைவி கிரேஸ் அரிவாள்மணையில் மீன் அறுக்கும் சத்தமும், ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்து மூச்சு விடுவது போன்ற மெல்லிய சத்தமும், கொஞ்ச நேரத்தில் புளி கொதிக்கும் வாசனையும் மாறி மாறி வந்தன. அந்தக் குழம்பு வாசனையில் மீன் வாசனை இல்லை. குளிப்பாட்டித் துடைத்த கைக்குழந்தையின் வாசனை இருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடப்போவது அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால்? அந்த வீட்டில் ஜெரால்டின் மகள் ஏஞ்சல் இருக்கிறாள். போன மாதம்தான் முதல் பல் விழுந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், மானம் போனால் போகட்டும் என்று செருப்பை மாட்டினார்.

"வாங்கண்ணா! உங்களுக்குனு எடுத்து வெச்சிக்கினு இருக்கேன்," என்று கிரேஸ் தட்டை வைத்தாள். ஏஞ்சல் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, முள்ளே இல்ல!"

"கிரேசு... அந்த மீனு..."

"அண்ணன் மட்டும் பேர் சொல்லலனா ஏரிலயே வுட்டுட்டு வந்திருப்பேன்," என்றான் ஜெரால்ட் பெருமையாக. "துன்னுங்கண்ணா. நீங்க துன்னாதான் எங்களுக்கு திருப்தி."

மூன்று முகங்கள் அவரையே பார்த்தன. உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

துண்டு அசைந்தது.

துப்ப வேண்டும். துப்பினால் கேட்பார்கள். என்ன என்று சொல்வது? நாக்கின் மேல் அது தன்னைச் சுருட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக. அவர் கண்ணை மூடி விழுங்கினார். அது கீழே இறங்கவில்லை. நெஞ்சுக்குழியில் நின்றது. காத்திருந்தது.

"எப்டிண்ணா இருக்குது?"

"நல்லா... இருக்கும்மா."

"நான் ஃபுல்லா துன்ட்டேன், பாரு பெரியப்பா," என்று ஏஞ்சல் அவர் பக்கம் திரும்பி, கடைவாய் தெரிய, ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள்.

குழந்தையின் தொண்டைக்குள் அறுத்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தழும்பு தழும்பாக. உள்நாக்குக்குப் பின்னால் மஞ்சள் அப்பிய ஒரு முகம். அது அவரைப் பார்த்தபடி, நிதானமாக, செவுளைத் திறந்து மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.