வேண்டுபொறி நின்ற மதியம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடல்மேல் மிதக்கப்போகும் ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். பயப்படாமல் கேளுங்கள், நல்லபடியாகத்தான் முடியும்.

மிதவூரில் காலை எழுந்ததும் ரெஜினா முதலில் வேண்டுபொறியைத் துடைப்பாள், அப்புறம்தான் அடுப்பு. வீட்டுக்கு ஒரு பொறி. குரலை ஒருமுறை பதிவுசெய்து, யாருக்காக என்று சொல்லிவிட்டால், நாம் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாலும் அது நம் குரலிலேயே ஓயாமல் ஜெபிக்கும். ஆள் கடலடியில் இருக்கும்போது அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவரைக் கைவிட்டதாகப் பொருள்.

ரெஜினாவின் கணவன் இன்னாசிக்குக் கடலடி நிலையத்தில் வேலை. புயல் அடித்ததில் லிஃப்ட் சிக்கிப் பதினொரு பேர் கீழே மாட்டிக்கொண்டார்கள். சூரியத் தகடுகளும் பறந்துவிட்டன. ஊர் மின்கலத்தில் மிச்சமிருந்ததை வைத்துத்தான் அவர்களுக்குக் காற்று அனுப்பும் பம்பும், வீட்டுப் பொறிகளும் ஓடின.

மூன்றாம் நாள் மதியம் மின்காவலர் கஸ்பார் தெருவில் வந்து நின்றார்.

"பம்பு சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். எல்லாரும் பொறிய நிப்பாட்டுனா நாளைக்கு வரைக்கும் இழுக்கும். அதுக்குள்ள லிஃப்ட்டச் சரிபண்ணிருவாங்க. வீட்டுக்காரங்க கையாலதான் நிப்பாட்டணும், நான் தொடக் கூடாது."

பக்கத்து வீட்டு பிலோமி சீறினாள். அவள் மகனும் கீழேதான் இருந்தான். "எம்மவனுக்கு வேண்டுறத நிப்பாட்டச் சொல்ல எப்படிவே வாய் வருது? உம்ம வீட்டு ஃப்ரிட்ஜ நிப்பாட்டும்!"

"அத அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. மீனு நாறுது, வந்து மோந்து பாரு."

ரெஜினா உள்ளே போனாள். 'ஆண்டவரே, என் இன்னாசியைக் காப்பாற்றும்' என்று பொறி சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மூன்று நாளில் தன் வாயால் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விசையைத் தட்டி நிறுத்தினாள்.

வீடு வெறிச்சென்றானது. தரைக்கு அடியில் அலை மோதுவது கேட்டது. கணவன் பெயரைச் சொன்னாள், அழுதாள். பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் சும்மா இருந்தாள். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு தன்னையும் சேர்த்து யாரோ ஏந்திக்கொண்டதுபோல் இருந்தது.

பிலோமி ஓடிவந்தாள். "ஏட்டி, நிப்பாட்டிட்டியா? பாவி!"

"உக்காருங்கக்கா."

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து மெல்லக் கேட்டாள்: "சத்தமே இல்லியே. ஆண்டவருக்குக் கேக்குமாட்டி?"

"உங்க மவன அவரு தந்தப்ப, எந்தப் பொறி கேட்டுச்சுக்கா?"

பிலோமி எழுந்து போனாள். அவள் வீட்டுப் பொறி நின்றது. எதிர்வீட்டில் நின்றது. பிறகு தெரு முழுக்க.

மறுநாள் மதியம் லிஃப்ட் மேலே வந்தது. பதினொரு பேரும் வந்தார்கள்.

இன்னாசி சுற்றிப் பார்த்தான். "என்ன, ஊரே சத்தமில்லாமக் கெடக்கு? எங்கள மறந்துட்டியளா?"

"உங்களுக்கு மூச்சு அனுப்பிட்டு இருந்தோம்," என்றாள் ரெஜினா. நன்றியோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மிதவூரில் தினமும் மதியம் ஒரு நாழிகை எல்லாப் பொறிகளும் ஓய்ந்திருக்கும். அந்த அமைதி உங்கள் வீட்டுக்கும் வரட்டும், கண்ணுகளா. வெளியே போனவர்கள் பத்திரமாகத் திரும்பட்டும். உங்கள் வாசலில் மூச்சும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.