தளபதியின் பழம்புண்

பொருநை நதியில் அந்திச் செம்மை கரைந்து முடியும் முன்பே கீழ்வானில் முழுமதி எழுந்து, எயில்மங்கலக் கோட்டையின் மதில்களுக்கு வெள்ளி பூசத் தொடங்கியது. அந்த அழகைக் காண நேரமின்றி, ஆற்றங்கரை மருத்துவமனையான ஆதுலசாலையில் ஒரு பெண் கத்தியை அனலில் காட்டிக்கொண்டிருந்தாள். வாசகர்களே, மூன்றாண்டுகளுக்கு முன் இந்த அரிஞ்சிகையைக் கண்டிருந்தால் அரசவையில் யாழுடன் கண்டிருப்பீர்கள். கோட்டையின் வடவாயில் பகைவருக்குத் திறந்த நாளில் வாயிற்காவலனான அவள் கணவன் காடன் நம்பி மாண்டான். திறந்தவன் அவனே என்றது அரசாணை. துரோகியின் மனைவி வாசிப்பதைக் கேட்க எவரும் விரும்பவில்லை. நரம்பு மீட்டிய விரல்கள் புண்ணைத் தைக்கக் கற்றன. ஆயினும் ஒவ்வொரு முறை கத்தியை எடுக்கும்போதும், 'இது என்னால் ஆகுமா?' என்று அவள் நெஞ்சு கேட்காமல் இருந்ததில்லை.

இன்று கட்டிலில் கிடந்தவன் தளபதி மாவலியன். நம்பியின் தோழன். "தங்கையே, பழி சுமத்தியவனைக் கண்டுபிடிப்பேன்" என்று சிதையருகே அழுதுவிட்டு வடக்கெல்லைக்குச் சென்றவன். அந்த ஒரு சொல்லின் பிடிப்பிலேயே அவள் வாழ்ந்திருந்தாள். சீழ் பிடித்த தோளும் கடுஞ்சுரமுமாக இன்று திரும்பியிருந்தான். அறுவை முறைப்படி அவன் கண்கள் துணியால் கட்டப்பட்டிருந்தன. அவள் வாயையும் மூக்கையும் துணி மறைத்திருந்தது.

"களத்தில் புலியாம்! இங்கே பூனைபோல் முனகுகிறார்" என்றாள் பணிப்பெண் கொற்றி.

"சும்மா இரடி!" என்று அடக்கிய அரிஞ்சிகை, விளக்கின் மேல் கை வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இங்கே கேட்பது எங்கள் இருவர் வாயிலிருந்தும் வெளியே போகாது. இது சத்தியம். தளபதியாரே, இந்தப் பழைய காயம் எதனால் பட்டது?"

"அம்பு."

"அம்புத் தழும்பு இப்படிக் கிழிந்திராது. உள்ளே ஏதோ இரும்பு இருக்கிறது. பொய்யை நம்பிக் கத்தி வைத்தால் உயிர்நாடி அறுபடும்."

"சாவி" என்றான் மாவலியன். "வடவாயில் சாவி. காவலனிடமிருந்து பறித்துக் கதவைத் திறந்தேன்... அவன் விடாமல் அதைத் திரும்பப் பிடுங்கி அதனாலேயே குத்தினான். முனை உள்ளே முறிந்துவிட்டது."

அரிஞ்சிகையின் கை அந்தரத்தில் நின்றது. கத்தி ஒரு விரற்கடை விலகினால் போதும்; யாரும் கேட்கப் போவதில்லை. கொற்றி விளக்கை நெருக்கிப் பிடித்தாள். அரிஞ்சிகை குனிந்து, எங்கே கீற வேண்டுமோ அங்கேயே கீறினாள். இரும்புத் துண்டு வெளியே வந்தது. ஏழு தையல்கள்; ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு அந்த இரும்பைக் கழுவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "எடுத்த பொருள் நோயாளிக்கே உரியது."

அவன் கண்கட்டை அவிழ்த்தாள். தன் முகத்துணியையும் நீக்கினாள்.

"அரிஞ்சிகை! தங்கையே..."

"அப்படி அழைக்காதீர்!" என்றாள் அவள். "எங்கள் வாயை என் சத்தியம் கட்டிவிட்டது. உம் வாயை எவரும் கட்டவில்லை. நம்பி குற்றமற்றவன் என்று அரசவையில் நீரே சொல்லும் நாள்வரை இந்தப் புண்ணுக்கு நானே மருந்திடுவேன். அதுவரை உம்மைச் சாகவிட மாட்டேன், தளபதியாரே. இதுவும் சத்தியம்!"